ஓரத்தில் பென்சிலால் எழுதிய உனக்கு

என் மகளைக் கெடுத்தது நீதான். உன் பெயர் எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது. மைசூரிலேயே இருக்கிறாயா, பெங்களூர் பஸ் ஏறிவிட்டாயா, அதுவும் தெரியாது. உன் கையெழுத்து மட்டும் தெரியும். வலப்பக்கம் சாய்ந்த பொடியெழுத்து, நன்றாகச் சீவின பென்சில். இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, ஆங்கிலப் புத்தகத்தின் ஓரமெல்லாம் கன்னடத்தில் எழுதி எழுதி, பி.காம். சேர வேண்டிய பெண்ணை இலக்கியம் படிக்கிறேன் என்று சொல்ல வைத்தது நீ.

பழைய பாடப்புத்தக வியாபாரத்தில் கோபப்படுவதற்குக்கூட ஆள் கிடைக்காது. விற்றவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், வாங்கினவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார், நடுவில் நான் மட்டும் தூசியோடு உட்கார்ந்திருப்பேன். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பதினெட்டு வருடமாக இப்படி. அதற்கு முன்னால் அதே மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். தமிழ்நாட்டு எல்லையோரம் கோபிநத்தம் பக்கத்திலிருந்து ஏழாம் வகுப்போடு வந்தவன் நான். கன்னடம் பள்ளிக்கூடத்தில் வந்தது. தமிழ் வீட்டுப் பேச்சு. எழுத்து மட்டும் எடைக்கு வந்த பழைய வாரப் பத்திரிகைகளைப் பார்த்துப் பழகினது. ஆங்கிலம் அடிபட்டு வந்தது. எனக்குக் கோபம் சட்டென்று ஏறும், விலை மெதுவாகத்தான் இறங்கும்.

இதை எழுதக் காரணமான கதை நடந்த அந்த வாரம், என் கல்லாப்பெட்டிக்குள் மகள் சௌம்யாவின் காலேஜ் விண்ணப்பம் கிடந்தது. பி.ஏ., ஆங்கில இலக்கியம். எல்லாவற்றையும் அவளே நிரப்பியிருந்தாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி. சனிக்கிழமை கடைசி நாள். வியாபாரமும் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் படிக்க வைக்கிறவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

பென்சிலுக்கும் விலை உண்டு

ஏப்ரலில் வாங்கி ஜூனில் விற்பது எங்கள் தொழில். வாங்கின புத்தகத்துக்கு மூன்று வேலை நடக்கும். பெயர் எழுதின முதல் தாளைக் கிழிப்போம். முதுகு விட்டுப்போயிருந்தால் பக்கத்துக் கடை ஜமீல் பாயிடம் பைண்டிங்குக்குக் கொடுப்போம். கடைசியாக ரப்பர். கணக்கு, சயின்ஸ் என்றால் பென்சில் கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது, துடைத்த தட்டு மாதிரி இருந்தால்தான் விலை. ஆங்கிலம் மட்டும் தலைகீழ். வரிக்கு மேலே பொடியாகக் கன்னட அர்த்தம் எழுதியிருந்தால் அதற்கு விலை கூட. ஆனால் ஓரத்தில் சொந்தக் கதை எழுதியிருந்தால் அதை அழித்துவிடுவோம். அர்த்தம் சரக்கு, சொந்தக் கதை குப்பை. இப்படித்தான் நான் தொழில் கற்றேன்.

ஒரு ஜூன் மாதம், வீட்டில் ஊதுவத்தி உருட்டுகிற ஒரு அம்மா வந்தார். விரலெல்லாம் கரி, கிட்டே வந்தாலே சந்தன வாசம். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் வேண்டும் என்றார். புதுசு போல இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எழுதினது இல்லையாண்ணா?" இருக்கிறது, இருபது ரூபாய் கூட ஆகும் என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் விலை சொல்வதே எதிராளி பாதியாகக் கேட்பார் என்று நம்பித்தான். ஏம்மா, வாய் திறந்து ஒரு வார்த்தை குறைத்துக் கேட்க மாட்டியா என்று கத்தினேன். அந்த அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"எங்க வீட்டுல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லைண்ணா. இதை எழுதின பிள்ளை என் பையன் பக்கத்துல வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதுக்குப் போய் பேரம் பேசுவாங்களா?"

நாற்பது வார்த்தை

என் ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வார்த்தை இருக்கும். லாஸ்ட் ப்ரைஸ், நோ ரிட்டர்ன், டுமாரோ கம், ஃபிக்ஸட். தசராக் கூட்டத்தில் வெள்ளைக்காரர்களிடம் இந்த நாற்பதை வைத்தே சமாளித்திருக்கிறேன். அதனால்தான் சௌம்யாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: பேசத் தெரிந்தால் போதும், பாட்டும் கதையும் எதற்கு?

ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா கன்னடக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அட்டையைத் தடவிப் பார்த்து, என்னிடம் என்னவோ கேட்டார். உள்ளே என்ன கதை என்று கேட்கிறார், அது கையசைப்பிலேயே புரிந்தது. நான் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தேன். நல்ல கதை. புருஷன் போன பிறகு தோட்டத்தை ஒற்றை ஆளாகக் காப்பாற்றுகிறவளின் கதை. சொல்ல வேண்டும் என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. வாயில் வந்தது, "குட் புக். லாஸ்ட் ப்ரைஸ்." அந்த அம்மா சிரித்துவிட்டு, வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேட்ட விலையே கிடைத்தது. ஆனாலும் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு ருசிக்கவில்லை. பசை வாளியைக் கிண்டிக்கொண்டே பார்த்திருந்த ஜமீல் பாய் சொன்னார். அவர் பேசுவது பாதி கன்னடம், கால்வாசி உருது, மீதி என்னிடம் கற்ற தமிழ்:

"ரத்னம், உன் இங்கிலீஷ் பூரா பேச்சை முடிக்கத்தான் இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு அதுல ஒரு வார்த்தைகூட இல்லை."

வாசிக்காமல் விட்ட வரி

சௌம்யா எட்டாவது படிக்கும்போது கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. கட்டடக்காரரின் ஆள் சிவண்ணா காகிதத்தோடு வந்தார். முழுக்க ஆங்கிலம். அவர் ஒவ்வொரு பாயிண்ட்டாக வாசித்துக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டு போனார். நான் தலையாட்டிக்கொண்டே பேனாவைத் தேடினேன். சௌம்யா புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, "அங்கிள், அந்த ஏழாவதை மறுபடி சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். "இதையேதானே எட்டாவதுன்னும் சொன்னீங்க" என்றாள். காகிதத்தை வாங்கி விரல் வைத்து வாசித்தாள். ஏழாவதில் ஒரு வரி இருந்தது. ஷட்டருக்கு வெளியே படியில் எந்தச் சரக்கும் வைக்கக் கூடாது என்று. ஜூன் மாதம் எங்கள் வியாபாரம் நடப்பதே அந்தப் படியில்தான். உள்ளே நாலு பேர் நிற்க முடியாது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்காலியைத் தூக்கிவிட்டேன். ஜமீல் பாய் ஓடி வந்து நாற்காலியின் மறு காலைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவளிடம் கேட்டேன், குனிந்து எழுதிக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது என்று. "அவர் ரேடியோ செய்தி மாதிரி வாசிச்சுட்டு வந்தார்பா. அங்க வந்ததும் தொண்டையைக் கனைச்சுட்டு வேகமா போனார். கதையில ஒருத்தன் இப்படிப் பண்ணா, அங்க ஏதோ இருக்குன்னு மிஸ் சொல்லியிருக்காங்க." சிவண்ணா நல்ல மனிதர்தான், கட்டடக்காரர் சொன்னதைச் செய்ய வந்தவர். அந்த வரியை அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ரத்னண்ணா, உங்க பொண்ணு அக்ரிமெண்ட்டைப் படிக்கலை. என்னைப் படிச்சுட்டா."

பாதியில் அடங்கின குரல்

ஆங்கிலம் வேண்டும் என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டேன். அக்ரிமெண்ட் வாசிக்க வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டு வாசிக்க வேண்டும், வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். இலக்கியம் என்றதும்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை மூண்டது. அதற்கு விதை போட்டது நீ.

போன வருடம் ஜூனில் அவள் இரண்டாம் பியூசி போனபோது, கடைக் குவியலிலிருந்து ஆங்கிலப் புத்தகத்தை அவளே பொறுக்கி எடுத்தாள். உன் புத்தகம். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நீயும் உட்கார்ந்தாய். திடீரென்று சிரிப்பாள். என்ன என்று கேட்டால் வாசித்துக் காட்டுவாள். நாடகப் பாடம் ஒன்று. ஒரு ராணி கோட்டைக் கதவைத் திறக்க முடியாது என்று மேலே நின்று பேசுகிறாள். ஓரத்தில் நீ எழுதியிருந்தது: 'எங்கள் ஹாஸ்டல் வார்டன்.' இன்னொன்று பாட்டு, தகரக் கூரையில் மழை கேட்டுக்கொண்டு ஒருத்தன் ஊருக்குக் கடிதம் எழுதுவது. பக்கத்தில்: 'நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை அழுதேன். இது பரீட்சைக்கு வராது.' என் மனைவி மல்லிகாவே சோறு பரிமாறிக்கொண்டே, இன்னைக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லுது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் நாலாவது ஆள் நீ. வாடகை இல்லாத ஆள்.

புத்தகத்தில் பதினாறு பாடம். எட்டாவது வரைக்கும் ஓரமெல்லாம் நீ பேசினாய். ஒன்பதிலிருந்து வரிக்கு மேலே அர்த்தம் மட்டும். ஓரம் வெள்ளை. ஒரு வார்த்தை இல்லை. சௌம்யா அந்தப் பக்கம் வந்த அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பியூசி முடிந்து அவள் அந்த விண்ணப்பத்தை நீட்டியபோது, நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். பேரத்தில் எதிராளியின் சரக்கை வைத்தே எதிராளியை மடக்குவது என் பழக்கம். "பாத்தியா கண்ணு? அந்தப் பிள்ளைக்கே பாதியில புத்தி வந்துருச்சு. ஓரத்துல எழுதறதை விட்டுட்டு, பரீட்சைக்கு வேணுங்கற அர்த்தத்தை மட்டும் எழுதிட்டுப் போயிருச்சு. இலக்கியம்னா அவ்வளவுதான், எட்டுப் பாடத்துக்குத்தான் தாங்கும்." நல்ல அடி என்று நினைத்தேன். அவள் சண்டை போடவில்லை. புத்தகத்தை மூடி, அட்டைமேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"புத்தி வந்த எழுத்து மாதிரி தெரியலைப்பா. யாரோ வாயை மூடச் சொல்லியிருக்காங்க."

மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பியவன்

மறுநாள் காலை கோபத்தில் அந்தப் புத்தகத்தை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து விற்பனைக் குவியலில் போட்டேன். பரீட்சை முடிந்தது, புத்தகத்தின் வேலையும் முடிந்தது, சண்டையும் முடியட்டும் என்று. சௌம்யா பார்த்தாள், தடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

பதினோரு மணிக்கு ஆட்டோக்காரர் மஞ்சு வந்தார். மார்க்கெட் ஸ்டாண்டில் நிற்கிறவர், தங்கைக்கு இரண்டாம் பியூசி ஆங்கிலப் புத்தகம் வேண்டும் என்றார். குவியலில் கையை விட்டதும் அகப்பட்டது அதே புத்தகம். விலை சொன்னேன். சரி என்றார். அது பழைய விலை, இப்போது இருபது கூட என்றேன். சரி என்றார். உள்ளே அர்த்தம் எல்லாம் எழுதியிருக்கிறது, அதற்கு முப்பது என்றேன். கொஞ்சம் முறைத்துவிட்டு, அதற்கும் சரி என்றார். எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. "அட்டை தனி. அட்டை விக்கறதுக்கு இல்லை, அதைக் கழட்டிட்டு எடுத்துட்டுப் போ" என்றேன்.

மஞ்சு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். என்னடா சிரிப்பு என்று எகிறினேன். அவர் புத்தகத்தைத் திறந்து ஆறாம் பாடத்தைக் காட்டினார். ஒரு கிழவன் தன் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறானாம். கேட்கிறவனெல்லாம் சரி சொல்கிறான், கிழவன் விலையை ஏற்றிக்கொண்டே போகிறான். சாயங்காலம் ஒருத்தன் கேட்டதெல்லாம் கொடுக்கிறேன் என்றதும், கயிறு தனி, கயிற்றை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுகிறான். இதுதான் பாட்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் படித்தாராம். நீ பெரிய படிப்பாளி போல என்றேன். மஞ்சு வேறொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்:

"இங்கிலீஷ்ல நான் ரெண்டு தடவை ஃபெயில்ணா. ஆனா அந்தக் கிழவன் மட்டும் தினமும் யாரோ ஒருத்தர் ரூபத்துல என் ஆட்டோவுல ஏறிட்டுத்தான் இருக்கான்."

பச்சை ரப்பர்

மஞ்சு போன பிறகு அந்தப் பக்கத்தை நானே வாசித்தேன். ஆங்கிலம் எனக்கு எங்கே? உன் கன்னடத்தை வாசித்தேன். கிழவன் கயிறு தனி என்று சொல்கிற இடத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாய்: 'விற்க மனசில்லாதவன்தான் விலையை ஏற்றுவான். எங்கப்பா என் சைக்கிளை முதலில் கேட்டவருக்கே கொடுத்துவிட்டார். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் ஒரு தடவை அதிகமாகக் கேட்டிருக்கலாம்.'

நான் ஆயிரம் பேரிடம் பேரம் பேசியவன். பேரம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. அந்தச் சைக்கிளை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விற்கப்போவதில்லை என்று ஆகிவிட்டது, முதுகையாவது ஒட்டி வைப்போம் என்று ஜமீல் பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

பாய் பழைய தையலை அறுத்துத் தாள்களைப் பிரித்தார். மடிப்பை விரலால் வழித்து, என் முன்னால் மேஜையில் தட்டினார். பச்சைத் துகள். நான் டப்பா டப்பாவாக மொத்தத்தில் வாங்குகிற பச்சை ரப்பர். என் கடைப் புத்தகம் எதைப் பிரித்தாலும் அவர் மேஜையில் விழுகிற துகள்தான். ஒன்பதாம் பாடத்துத் தாளை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். வெள்ளை ஓரத்தில் பள்ளம் பள்ளமாக எழுத்து. அடுத்த தாளிலும். கடைசித் தாள் வரைக்கும். நீ நிறுத்தவே இல்லை.

நான் எப்போதும் பின்னாலிருந்துதான் அழிப்பேன். கிராக்கி முதலில் திறந்து பார்ப்பது கடைசிப் பக்கத்தைத்தான், தாள் கிழிந்திருக்கிறதா என்று. அப்படி முன்னால் வந்துகொண்டே இருந்திருக்கிறேன். அர்த்தத்தை விட்டுவிட்டு, ஓரத்தை மட்டும், சுத்தமாக. எட்டாம் பாடத்தில் ஏன் நின்றேன்? சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். இல்லை, யாராவது விலை கேட்டு வந்திருப்பார்கள். உன்னில் பாதி மிஞ்சினது அந்தக் காரணத்தால்தான். யாரோ வாயை மூடச் சொல்லியிருக்காங்க என்று என் மகள் சொன்னபோது, அந்த யாரோ அவளுக்கு எதிரே உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தான். உன் பெயர் எழுதின முதல் தாளைக் கிழித்ததும் அவனேதான்.

பாய் வயதில் மூத்தவர், எந்தப் புத்தகத்துக்கும் அதிர்ந்து பேசாதவர். துகளைக் கையில் கூட்டி எடுத்துக்கொண்டு சொன்னார்:

"அழுக்குன்னு நெனச்சு பாதி ஆளை அழிச்சுட்டியே ரத்னம்."

பேனாவில் போடுங்கள்

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். பெரிய மனசுக்காரனாகவும் ஆகிவிடலாம், குட்டும் உடையாது. பேரக்காரன் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் நான் வைத்த வாதமே உன் மௌனத்தை வைத்து. அந்த மௌனத்தைச் செய்தவன் நான். கள்ள எடைக்கல்லை வைத்து நிறுத்துவிட்டு, பிறகு ஒரு கைப்பிடி கூடப் போடுவது மாதிரி ஆகும் அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சௌம்யா சாப்பாடு கொண்டுவந்தாள். தூக்குச்சட்டியைத் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். தாளைச் சாய்த்துக் காட்டினேன். "நான்தான் சாமி. ரப்பர் என்னுது. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை, கடைசி வரைக்கும் எழுதியிருக்கு" என்றேன். அவள் கத்துவாள் என்று தோளை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் முகம் சிரித்தது. "நல்லா இருக்காங்களா? அப்ப நல்லாத்தான் இருந்திருக்காங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். ஒரு வருடமாக உனக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். உன் பெயர்கூடத் தெரியாமல். இலக்கியம் படித்தால் என்ன கிடைக்கும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனே, முகம் பார்க்காத ஒருத்தருக்காக ஒரு பெண் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது என் கண்ணெதிரேயே நடந்தது. அதற்கு என் கடையில் விலைச்சீட்டு இல்லை, அதனால் தெரியவில்லை.

கல்லாவிலிருந்து பென்சில் எடுத்து, முனையைப் படுக்கவைத்து ஓரத்தில் மெல்லத் தேய்த்தாள். கறுப்புக்கு நடுவில் உன் எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. முழுசாக இல்லை. ரப்பரை நான் அழுத்தித்தான் பிடிப்பேன். ஒன்பதில் மூன்று வார்த்தை. பன்னிரண்டில் 'இவள் சரி, ஊர்தான் தப்பு' என்று ஒரு வரி. பதிமூன்று, பதினாலு ஒன்றுமே வரவில்லை. நானும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். சோறு ஆறிப்போயிற்று. பாய் கடையை விட்டுவிட்டு வந்து எங்கள் தோளுக்கு மேலே நின்றார். படியில் ஒரு கிராக்கி ப்ரைஸ் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசிப் பக்கம் மட்டும் முழுசாக வந்தது. நீ அங்கே அழுத்தி எழுதியிருந்தாய். 'புத்தகம் முடிந்துவிட்டது. நாளைக்கு இதை விற்கக் கொடுத்துவிடுவார்கள். இனி நான் யாரோடு பேசுவது?'

நான் கல்லாவைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தேன். எந்த இடம் என்று எனக்குக் கண்ணில் படவில்லை, சௌம்யாதான் விரல் வைத்துக் காட்டினாள். குனிந்து முதல் எழுத்தைப் போடப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்:

"பேனாவுல போடுங்கப்பா. பென்சில்னா உங்களை நம்ப முடியாது."

மீதி எட்டுப் பாடம்

சௌம்யா இப்போது காலேஜ் போகிறாள். நான் இப்போது ஆங்கிலப் புத்தகத்தில் ஓரத்தைத் தொடுவதில்லை. அர்த்தம் ஒரு அடுக்கு, ஓரத்தில் எழுதினது ஒரு அடுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது அடுக்கு மெதுவாகத்தான் நகர்கிறது. அதில் கை வைக்கிறவர்கள் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் படிக்கிறார்கள், பாதிப் பேர் வாங்காமல் போகிறார்கள். கத்தத்தான் செய்கிறேன். போகச் சொல்வதில்லை.

உன் புத்தகம் தைத்து, ஒட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது விற்பனைக்கு இல்லை, அட்டையும் விற்பனைக்கு இல்லை. யாரோடு பேசுவது என்று கேட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இங்கே ஒருத்தி ஒரு வருடம் முழுக்க உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. முதல் தாளைக் கிழித்தவன் நான்தான், அதற்குக் கடையில் வந்து என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஆரம்பித்தது நீ. பென்சில் என்னுடையது, சீவியே தருகிறேன், பாய் கடையில் டீயும் வரும், ரப்பரை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

அர்த்தத்தை வைத்துக்கொண்டு ஆளை அழிக்கிற வியாபாரத்தைப் பதினெட்டு வருடம் பார்த்தாயிற்று, மீதி எட்டுப் பாடத்தின் ஓரத்தையாவது நீயே வந்து எழுதி நேர்செய்து கொடுத்துவிட்டுப் போ.